ஒரே பெட்டிக்குள் இரு கணினிகள்: கோப்புப் பரிமாற்றம் குறித்த ஓர் ஆய்வு

எந்த ஆய்வுக்கும் முதலில் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது மரபு. இவ்வாய்வின் நில எல்லை: வடக்கே திரை, தெற்கே டச்பேட், கிழக்கே யுஎஸ்பி துளைகள், மேற்கே சார்ஜர் ஒயர். கால எல்லை: ஒரு சனிக்கிழமை விளக்கு வைத்த நேரம் தொடங்கி ஞாயிறு அதிகாலை 2.40 வரை. ஆய்வுப் பொருள்: 22 கேபி அளவுள்ள ஒரே ஒரு கோப்பு. அது என் மடிக்கணினியிலிருந்து அதே மடிக்கணினிக்குள் இருக்கும் இன்னொரு கணினிக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் குடியிருக்கின்றன. போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதே ஆய்வு வினா. கருதுகோள் வருமாறு: போகாததற்கு ஒரு காரணம் கட்டாயம் இருக்கும், கணினி சொல்லும் காரணம் மட்டும் அதுவாக இருக்காது.

கட்டுரை ஐந்து இயல்களை உடையது. அவற்றுள் நான்காவதாகிய ‘முடிவுகளும் பரிந்துரைகளும்’ ஆய்வாளரின் அவசரத்தால் உள்கணினியிலேயே தட்டச்சு செய்யப்பட்டுவிட்டது. அதை வெளியே கொண்டுவரும் முயற்சி நடந்துவருகிறது.

இயல் 1: சொல்லும் முன்னோரும்

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் இன்னொரு கணினி இருப்பதாகப் பாவனை செய்வதை மெய்நிகர் கணினி என்று அறிஞர் வழங்குவர். மற்றவர்கள் விஎம் என்பார்கள். உள்ளே இருப்பதற்குத் தனக்கென்று ஒரு ப்ராசஸர், நினைவகம், ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாக நினைப்பு. அந்த ஹார்ட் டிஸ்க் உண்மையில் வெளிக்கணினியில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. இதை அதனிடம் யாரும் சொல்வதில்லை.

வெளியே இருப்பது ஹோஸ்ட், உள்ளே இருப்பது கெஸ்ட் என்று உலகம் முழுவதும் சொல்கிறார்கள். அதாவது வீட்டுக்காரர், விருந்தினர். இங்கே சிறிது சொல்லாராய்ச்சி வேண்டியிருக்கிறது. விருந்து என்பதற்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் கூறும் எட்டு வனப்புகளுள் ஒன்றின் பெயர் விருந்து; அங்கேயும் புதுமைதான் பொருள். நம் விருந்தினரோ விண்டோஸ் எக்ஸ்பி. வெளிவந்தது 2001 அக்டோபர் 25. ஆதரவு நின்றது 2014 ஏப்ரல் 8. ஆகவே இங்கு விருந்தினர் என்பது காரணப்பெயர் அன்று, இடுகுறிப்பெயர் என்க.

இவ்வளவு முதிய விருந்தினரை அழைத்தது ஏன் எனில், கும்பாபிஷேகம். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்து, மலர்க் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். சென்ற முறை போட்ட மலரின் பக்கங்கள் தல வரலாறு உட்பட ஒரு சிடியில் கிடைத்தன. எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தில் பிறந்தது. 1994இல் அடோபி அந்த ஆல்டஸையே வாங்கிக்கொண்டது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பெரும்பதிப்பு. தமிழ் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் மலர் என்று வாழ்வின் எல்லாப் பருவங்களையும் கவனித்துக்கொண்ட மென்பொருள் அது. அதற்காக எக்ஸ்பியை விஎம்மில் ஏற்றினேன். ஆசியுரையை வெளியே விண்டோஸ் 10இல் தட்டச்சு செய்துவைத்தேன். உள்ளே அனுப்புவது மட்டும் பாக்கி.

இனி முன்னாய்வுகள். ஒரே இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் வித்தையை ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் மையத்தார் அமெரிக்காவில் 1960களிலேயே செய்துகாட்டிவிட்டனர். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் வெளிவந்தது. அதில் ஒருவர் தம் மெய்நிகர் கணினியிலிருந்து இன்னொருவருடைய மெய்நிகர் கணினிக்குக் கோப்பு அனுப்புவதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அனுப்புகிறவர் மெய்நிகர் துளைக்கருவி ஒன்றில் 80 பத்தி அட்டைகளைத் துளைப்பார். பெறுகிறவர் தம்முடைய மெய்நிகர் அட்டைப் படிப்பானில் அவற்றை வாசித்துக்கொள்வார். அட்டையும் கிடையாது, துளையும் கிடையாது, கருவியும் கிடையாது. கோப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. என்னிடம் எல்லாமே இருந்தன.

இயல் 2: வழி

விருந்தினருக்கு வழி அமைத்துக் கொடுப்பதில் மூன்று முறைகள் சிறப்பானவை.

முதலாவது நாட். விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளில் யாரும் எதையும் மாற்றாவிட்டால் வாய்ப்பது இதுதான். உள்கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். உலகின் எந்த ஊரில், எவர் வீட்டில் இதே மென்பொருளைப் போட்டு இதே முறையில் விட்டாலும் உள்கணினிக்கு அதே 10.0.2.15தான். அதன் கண்ணுக்கு வீட்டுக்காரர் 10.0.2.2. இந்த ஏற்பாட்டில் உள்ளே இருப்பவர் வெளியே போய்வரலாம், இணையத்தில் உலாவலாம், வெளியே இருப்பவர் மட்டும் அவரைக் கூப்பிட முடியாது. கொல்லைப்புறமாக ஒரு கதவைத் தனியாகத் திறந்துவிட்டால் உண்டு. இந்த ஒருவழிப் பாதையை அறியாமல், வெளியே நின்றுகொண்டு 10.0.2.15, 10.0.2.15 என்று ஒரு மணி நேரம் அழைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வின் நேர்மை கருதி இதைப் பதிவு செய்கிறேன்.

இரண்டாவது பிரிட்ஜ். இதில் உள்கணினி வீட்டு ரௌட்டரிடமே நேரே போய் முகவரி வாங்கிக்கொள்ளும். வீட்டிலுள்ள டிவி, கைபேசி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சரிசமமாக உட்காரும். 2014இல் ஆதரவு இழந்த ஒருவரை இணையத்தின் வாசலிலேயே உட்கார வைப்பது விவேகம் அன்று. விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஹோஸ்ட்-ஒன்லி. வீட்டுக்காரரும் விருந்தினரும் மட்டும் இருக்கும் தனியறை. விர்ச்சுவல்பாக்ஸில் வழக்கமாக வீட்டுக்காரர் 192.168.56.1, முதல் விருந்தினர் 192.168.56.101. இதைத் தேர்ந்தேன். முகவரி வந்தது. (169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் மகிழ வேண்டாம். கேட்ட இடத்தில் யாரும் கொடுக்காததால் அது தானே தனக்கு வைத்துக்கொண்ட முகவரி.)

முகவரி வந்ததும் பிங் அனுப்பினேன். பிங் என்பது ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்பது. பதில் இல்லை. ஆக வழியில் கோளாறு என்று எழுதிவைத்து, அடுத்த முக்கால் மணி நேரம் வழியைத் தோண்டினேன். வழியில் ஒன்றும் இல்லை. விண்டோஸின் ஃபயர்வால் இயல்பிலேயே பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. அதிலும் இந்தத் தனியறையை விண்டோஸ் 10 ‘அடையாளம் தெரியாத நெட்வொர்க்’ என்று கருதி, பேருந்து நிலையத்து வைஃபையை நடத்துவதைப் போலப் பொது இட விதிகளைப் போட்டிருந்தது. தன் வயிற்றுக்குள் இருப்பதையே பொது இடம் என்று எண்ணும் எச்சரிக்கை!

பதில் வரவில்லை என்பது ஆள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போனவன் என்ற முறையில் இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இடையே ஒரு கடாவும் விடையும்.

கடா: இதற்கெல்லாம் ஷேர்டு ஃபோல்டர் என்று மெனுவிலேயே ஒரு வசதி உண்டே?

விடை: உண்டு. உள்கணினியில் அதற்கான துணை மென்பொருளை நிறுவினால் வெளியே உள்ள ஃபோல்டர் உள்ளே தெரியும். உள்ளே இருப்பது லினக்ஸ் என்றால் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். நுழையாதவர்கள் அனுமதி இல்லை என்ற செய்தியையே விடியும் வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அது பெயரளவில்தான் நெட்வொர்க் போலத் தோன்றும். உண்மையில் நெட்வொர்க் அன்று. எனவே இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கடா: பென்டிரைவ்?

விடை: பென்டிரைவை உள்கணினிக்குக் கொடுத்த கணமே வெளிக்கணினியிலிருந்து அது மறைந்துபோகும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் அது கிடைக்காது. மேலும் ஆய்வாளர்க்கு மானம் என்று ஒன்று உண்டு.

இயல் 3: பெயரும் மொழியும்

ஃபயர்வாலைச் சரிசெய்தபின் எக்ஸ்பியில் என் வெளிக்கணினியின் பெயரை அடித்தேன். நெட்வொர்க் வழி காணப்படவில்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. வழி இருந்தது, இப்போது பிங்கும் போய்வந்தது. காணாமல் போனது பெயர்.

என் கணினிக்கு ‘தஞ்சாவூர்பெரியகோயில்’ என்று ஆங்கில எழுத்துகளில் பெயர் வைத்திருந்தேன். மொத்தம் 19 எழுத்து. எக்ஸ்பி காலத்து நெட்பயாஸ் முறையில் ஒரு பெயருக்கு 16 இடம். அதில் கடைசி இடம் சேவையின் வகையைக் குறிக்கும் குறியீட்டுக்கு. மிச்சம் 15. ஆகவே எக்ஸ்பியின் காதில் என் கணினியின் பெயர் ‘தஞ்சாவூர்பெரிய’ என்பதோடு நின்றுபோகிறது. பெரிய என்ன என்று அது கேட்கவில்லை. பெயரெச்சம் ஒன்று பெயர் கொண்டு முடியாமல் நெட்வொர்க்கில் அலைந்தது. இலக்கண ஆசிரியர்கள் இக்காட்சியைப் பாடத்தில் சேர்க்கலாம்.

பெயரை விட்டு எண்ணைப் பிடித்தேன். 192.168.56.1. அப்போதும் அதே செய்தி: வழி காணப்படவில்லை. வழியும் இருந்தது, முகவரியும் சரி. இப்போது இல்லாதது மொழி.

கணினிகள் கோப்புகளைக் கேட்டு வாங்கும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் என்பவர் 1983இல் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது; 1996 வாக்கில் சிஐஎஃப்எஸ் என்று வேறு பெயரும் சூட்டியது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது. 2012இல் விண்டோஸ் 8இல் மூன்றாவது. எக்ஸ்பிக்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும்.

2017 மே 12 அன்று வான்னகிரை என்ற கொள்ளை நிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டை எஸ்எம்பி முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்தது. அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கணினிகள் பழைய மொழியில் கேட்பவர்க்குக் கோப்பு தருவதை நிறுத்திக்கொண்டன. வேண்டுவோர் தாமே போய் அதை இயக்கிக்கொள்ளலாம். பலர் இயக்கிக்கொள்கிறார்கள், செய்யாதீர்கள். ஒரு கோயில் மலருக்காக வீட்டின் பூட்டைக் கழற்றிவைப்பது தெய்வத்துக்கே அடுக்காது.

ஆக இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பழைய மொழி மட்டும் தெரியும். மற்றவர் அந்த மொழியைக் காதிலேயே வாங்கமாட்டார். இந்த நிலைமையைத் தமிழ்நாட்டுக் கடற்கரை முன்பே பார்த்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வந்து இறங்கியபோது செய்த காரியம் துபாஷி வைத்துக்கொண்டது. புதுச்சேரியில் ஆளுநர் டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். எனக்கும் ஒருவர் வேண்டும். அதே தனியறையில் மூன்றாவதாக ஓர் உபுண்டு லினக்ஸை விஎம்மாக உட்காரவைத்தேன். அதற்குப் பழைய மொழியும் வரும், புதிய மொழியும் வரும்.

லினக்ஸ் உலகம் இந்த மொழியைக் கற்ற விதம் தனியே சொல்லத் தக்கது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் சாம்பா. இலக்கணப் புத்தகம் கையில் இல்லாததால், இரண்டு கணினிகள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு, என்ன கேட்டால் என்ன பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்து மொழியைப் பிடித்தார்கள். எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்ததே சாம்பா என்ற பெயர்.

துபாஷி வந்தார். எக்ஸ்பியின் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன். பிழை எண் 112, ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்றார்.

இந்தச் செய்தியில் சற்று நின்று போக வேண்டும். என் கருதுகோளுக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைக்காது. எக்ஸ்பி விழுந்துகிடக்கவில்லை, பக்கத்துச் சன்னலில் பச்சைப் புல்வெளியும் நீலவானமுமாக ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: 2017க்குப் பிந்தைய லினக்ஸ் தானாகப் பேச ஆரம்பிப்பது புதிய மொழியில். எக்ஸ்பிக்குப் புரியவில்லை, இணைப்பைத் துண்டித்தது. உடனே இவர் எழுதிக்கொண்ட குறிப்பு, ஆள் இல்லை. பழைய மொழியிலேயே பேசு என்று கட்டளையில் பதிப்பு எண்ணை 1.0 எனச் சேர்த்துச் சொன்னதும் இறந்தவர் எழுந்து பதில் சொன்னார்.

நிற்க. பெயர் தெரியாவிட்டால் வழி இல்லை என்கிறது. மொழி தெரியாவிட்டாலும் வழி இல்லை என்கிறது. அல்லது ஆளே இல்லை என்கிறது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லும் பழக்கம் மட்டும் கணினிக்கு இல்லை. அறிஞர் அவையில் பழகிய இயந்திரமாக இருக்க வேண்டும்.

அடுத்து துபாஷியை வெளிக்கணினியிடம் அனுப்பினேன். அங்கே மொழிச் சிக்கல் இல்லை. பிழை எண் 13, அனுமதி மறுப்பு. காலையும் மாலையும் நான் இக்கணினிக்குள் நுழைவது நான்கு இலக்கப் பின் எண்ணால். அந்த எண் அந்தக் கணினியின் விசைப்பலகைக்கு மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக வருபவர் உண்மையான பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு என்னவென்று நினைவுபடுத்த 35 நிமிடம் ஆயிற்று. சரி, பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு கணக்கு வைத்துவிட்டால் என்ன என்றால், வெற்றுப் பாஸ்வேர்டோடு நெட்வொர்க்கில் வருபவரை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே உள்ளே விடுவதில்லை. கெஸ்ட் என்ற பெயரில் போகலாமே என்றால், அண்மைக்கால விண்டோஸ் பதிப்புகள் பல கெஸ்டையும் இயல்பாக ஏற்பதில்லை. விருந்தினர் என்று பெயர் வைத்து அழைத்தவர்களே விருந்தினர் என்று சொல்லிக்கொண்டு வரக்கூடாது என்கிறார்கள்.

பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தபின்னும் ஃபோல்டர் திறந்ததே தவிரக் கோப்பைத் தொட முடியவில்லை. ஷேர் செய்யும் இடத்தில் ஓர் அனுமதிப் பட்டியல், டிஸ்க்கில் இன்னொரு பட்டியல். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். உண்டியலுக்கு இரண்டு பூட்டு என்பது மலர்க் குழுவில் எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்றைத்தான் திறந்திருந்தேன்.

இயல் 5: களப்பணி நிறைவு

மணி 1.10. இருபக்கக் கதவும் திறந்துவிட்டது. முதலில் துபாஷியின் சொந்த டிஸ்க்குக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். கோப்பின் பெயர் நீளம் என்று மறுத்தார்.

கோப்புக்கு முறைப்படி தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன்: அருள்மிகு என்று தொடங்கி, அம்பாள் பெயர், சுவாமி பெயர், ஊர், கும்பாபிஷேக மலர், ஆசியுரை, இறுதி வடிவம், திருத்திய இறுதி வடிவம் என்று. விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கணக்கு 255 குறியீடு வரை. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் கணக்கு 255 பைட். தமிழுக்கு யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்; புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். கும்பாபிஷேக என்பது கண்ணுக்கு 6 எழுத்து, குறியீட்டில் 11, பைட்டில் 33. ஆக ஒரு தமிழ்ப் பெயருக்கு அங்கே 85 குறியீடுதான் இடம். மூலவருக்கும் ஊருக்கும் அடைமொழிகளுக்குமே அது போதாது.

இன்னொரு நுட்பமும் இங்கே சொல்லிவிடலாம். கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. பல கோப்பு முறைகள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் ஒரே ஃபோல்டரில் ‘கொடிமரம்’ என்று இரண்டு கோப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும். பிழை திருத்துபவர்க்கு இது கெட்ட கனவு.

பெயரை ‘ஆசியுரை’ என்று சுருக்கினேன். போயிற்று. எக்ஸ்பியின் ஃபோல்டரில் வந்து இறங்கியது. ஏழு கட்டங்களாகத் தெரிந்தது. எக்ஸ்பியில் தமிழ் எழுத்துரு காட்டும் வசதியை அமைப்புகளுக்குள் போய்த் தனியாகத் தேர்வு செய்ய வேண்டும், நான் செய்யவில்லை. பரவாயில்லை. பேஜ்மேக்கரைத் திறந்து உள்ளடக்கத்தைக் கொண்டுவந்தேன்.

முழுப் பக்கமும் கேள்விக்குறிகள்.

பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதில் வந்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்துவைத்த பழைய எழுத்துருக்களின் தமிழ். என் ஆசியுரை யூனிகோடு. எட்டு மணி நேரம் மூன்று கணினிகளைக் கொண்டு நான் கடத்திச் சேர்த்தது, சேருமிடத்தில் யாராலும் வாசிக்க முடியாத ஒன்று. அந்நேரத்தின் உணர்ச்சிப் பெருக்கில், எக்ஸ்பியின் நோட்பேடிலேயே ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ததுதான் நான்காம் இயல். மணி 2.40.

ஞாயிறு காலை அச்சகத்துக்குப் போனேன். டிடிபி அக்கா விஷயத்தைக் கேட்டார்.

“யூனிகோடா சார்? அப்படியே வராதே. கன்வர்ட் பண்ணித்தான் போடணும்.”

“அது பிறகுதான் தெரிஞ்சுது அக்கா. முதல்ல ஃபைல் உள்ளேயே போகலை.”

“எத்தனை பக்கம் சார்?”

“ரெண்டு.”

“கைபேசியில போட்டோ இருந்தா காட்டுங்க.”

காட்டினேன். கைபேசியைச் செம்பருத்தித் தைல டப்பாவில் சாய்த்துவைத்துக்கொண்டு, நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் அடித்து முடித்துவிட்டார். இருபது நிமிடம் இருக்கும்.

மலரின் 9ஆம் பக்கத்தில் ஆசியுரை வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ‘கணினித் தொழில்நுட்ப உதவி’ என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். நான்காம் இயல் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதை நெட்வொர்க் வழியாகவே எடுத்துத் தரக்கூடியவர்கள் மாலை 6 மணிக்குமேல் வீட்டுக்கு வரலாம். பென்டிரைவ் கொண்டுவர வேண்டாம்.